மரங்கொத்திகள் சங்கம் வைத்த கதை

ஒரு மலைக்காட்டில் செம்பி என்றொரு மரங்கொத்தி இருந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி, உள்ளே உளுத்திருக்கிறதா, கூடு தாங்குமா என்று சொல்வதுதான் அதன் தொழில். அந்தக் காட்டு மரங்கொத்திகள் எல்லாவற்றுக்கும் அதே பிழைப்புதான். ஆனால் ஒன்று இருக்கும் பக்கம் இன்னொன்று எட்டிப் பார்க்காது. ஒன்றின் பெயர் கெட்டால் மற்றவற்றுக்கு உள்ளூரச் சந்தோஷம். வெட்கங்கெட்ட சந்தோஷம்!

பறவைகளுக்கு மரம் பிடித்துக் கொடுக்கும் தரகு வேலை பார்த்தது ஒரு மரநாய். அது செம்பியை ஒரு பெரிய இலவ மரத்துக்கு அழைத்துப் போனது.

"இருவாச்சி ஜோடி குடிவரப் போகுது. மரம் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

செம்பி அடியிலிருந்து உச்சிவரை தட்டிப் பார்த்தது. "நடுமரம் உளுத்துக் கிடக்கு. காத்தடிச்சா ஒடிஞ்சு விழும்."

"உன்னோட பெரிய ரோதனை. கொண்டையன்னா ரெண்டே தட்டுல சொல்லிடுவான்," என்றது மரநாய்.

கொண்டையன் வந்தது. அதுவும் மரங்கொத்திதான். அடிமரத்தை மட்டும் தட்டியது. மறுத்தால் இனிமேல் கூப்பிட மாட்டார்களே என்ற பயத்தில், சரி என்று தலையாட்டிவிட்டுப் போனது.

பெண் இருவாச்சி பொந்துக்குள் போய் உட்கார்ந்தது. குஞ்சு வளரும்வரை வெளியே வராமல், அலகு நீட்ட மட்டும் இடம்விட்டு வாசலை அடைத்துக்கொள்வது அந்த இனத்தின் வழக்கம். மரம் ஒடிந்தால் தப்பவே முடியாது. செம்பிக்கு ரத்தம் கொதித்தது. ஆண் இருவாச்சியிடம் பறந்து போய்ச் சொன்னது.

"வேலை போன வயித்தெரிச்சல்ல பேசுது," என்றது மரநாய்.

ஆண் இருவாச்சி குழம்பியது. "நீயும் மரங்கொத்தி, அவனும் மரங்கொத்தி. நான் யார் பேச்சை நம்புறது?"

செம்பி நேரே கொண்டையனிடம் போனது. "நான் மாட்டேன்னா உன்னைக் கூப்பிடுறான். நீ மாட்டேன்னா இன்னொருத்தனைக் கூப்பிடுவான். நாம ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்ல பாரு, அதுலதான் அவன் பிழைக்கிறான். உள்ளே ஒரு உயிர் இருக்குடா!"

கொண்டையன் தலைகுனிந்தது. பிறகு அதுவே கிளம்பிப் போய் மற்ற மரங்கொத்திகளையும் கூட்டி வந்தது. எல்லாம் சேர்ந்து மரம் முழுக்கத் தட்டின. எல்லாம் ஒரே பதிலைச் சொன்னன. பெண் இருவாச்சி அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அன்று மாலைக் காற்றில் மரம் இரண்டாக ஒடிந்து விழுந்தது.

மரநாய்க்கு வெட்கமே இல்லை. மறுநாளே இன்னொரு மரத்தடியில் நின்றுகொண்டு, "சீக்கிரமாச் சொல்றவங்க யாரு?" என்று கூவியது.

கொண்டையன் பதில் சொன்னது. "நாங்க சங்கம் வச்சிட்டோம். முழுசாத் தட்டாம இனி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டோம். எங்கள்ல ஒருத்தர் சொன்னதை நீ தள்ளிவிட்டா, மத்தவங்க உன் வேலைக்கே வரமாட்டோம்."

"அவ்வளவு அவசரம்னா, இந்த மரத்துப் பொந்துல முதல்ல நீ குடியிரு. நான் வெளியே இருந்து வாசலை அடைக்கிறேன்," என்றது கூடவே வந்திருந்த பெண் இருவாச்சி.

மரநாய் அந்த மரத்தடியை விட்டு நழுவிப் போனது.

ஒரே தொழில் செய்கிறவர்கள் சங்கமாகச் சேர்ந்து நின்றால், உண்மையைச் சொல்கிறவரை எந்தத் தரகனாலும் ஓரங்கட்ட முடியாது.