சென்னியப்பன் நீங்கலாக

முதலில் எனக்குக் கெடுதல் செய்தவன் சென்னியப்பன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

திருப்பூரில் எங்கள் வீதி முழுவதற்கும் எம்பிராய்டரி மெஷின் விற்ற ஏஜென்ட் அவன். மெஷினோடு ஒரு கோப்பும் கொடுத்தான். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை மெஷினுக்குப் புரியவைப்பது அந்தக் கோப்புதான். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் அவன் கடையில் வைத்துக் கேட்டேன்.

"அஞ்சாவது படிச்சவனுக்கு அது எதுக்கு நாச்சிமுத்து? நீ நூல் கோக்கற வேலையைப் பாரு."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

அந்தக் கோபத்தில்தான் மெஹருன்னிசா டீச்சரிடம் போய்ச் சேர்ந்தேன். என் மகளைவிட இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு மாடியில் ஒரு குழுவுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுப்பார். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், அதுதான் கட்டற்றது. நான் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன். கூடப் படித்த பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. படம் வரைந்து, அதைத் தையல்களாகப் பிரிக்கும் புரோகிராம் ஒன்றைச் சொந்தமாக எழுதி முடித்தேன்.

"டீச்சர், இனி எங்க வீதியில ஒருத்தரும் சென்னியப்பனை நம்பி இருக்க வேண்டாம். நம்ம குழு பேர்ல வெளியிடுங்க."

டீச்சர் நேராக என் எம்பிராய்டரி யூனிட்டுக்கு வந்தார். ஒரு மயில் போட்டுக் காட்டச் சொன்னார்.

மெஷின் ஓடியது. நீலக் கழுத்து, பச்சைத் தோகை. துணியில் குறை ஒன்றும் இல்லை. டீச்சர் துணியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"திரையில பச்சை ஒரு தையல் தள்ளி இருக்கு. துணியில சரியா இருக்கு. எப்படிங்கண்ணா?"

"நூல் மாறும்போதெல்லாம் ஊசி ஒரு தையல் இடதுபக்கம் நழுவும் டீச்சர். அதனால படத்தையே வலதுபக்கம் தள்ளி வரைஞ்சுருவோம். எங்க தொழில்ல எல்லாரும் அப்படித்தான்."

"தப்பு உங்க புரோகிராம்லயா?"

"சேச்சே. அந்தக் கோப்புல."

"எந்தக் கோப்பு?"

"மெஷினோட பேசற கோப்பு. சென்னியப்பன் குடுத்தது. அதை மட்டும் அப்படியே சேத்து வெச்சிருக்கேன்."

"தப்புன்னு தெரியுதில்ல, திருத்துங்க."

"திறந்தா வெறும் எண்ணாத்தான் வரும். எழுதுனது கம்பெனிக்காரன்கிட்ட இருக்கு."

"அப்ப யாரைக் கேக்கணும்?"

நான் மெஷினில் இருந்த துணியை உருவி மடித்தேன்.

"போய்க் கேட்டுட்டு வாங்கண்ணா."

"அவன் வீட்டுல நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

"நீங்க குடிக்க மாட்டீங்க. உங்க புரோகிராம் மூணு வேளையும் அங்கதான் கை நனைக்குது."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் என் புரோகிராமிலிருந்து அந்தக் கோப்பைத் தூக்கி வெளியே வைத்தேன். மெஷின் ஊமையாகிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அந்தக் கோப்பை ஓடவிட்டு, ஒரே ஒரு தையல் மட்டும் அனுப்பினேன். கேபிளில் போகிற எண்களை எப்படிப் பார்ப்பது என்று டீச்சர் காட்டியிருந்தார். பிறகு ஊசியை நூலளவு வலதுக்கு நகர்த்தி அனுப்பினேன். எந்த எண் மாறியது என்று பார்த்தேன். பிறகு இடதுக்கு. பிறகு மேலே. பிறகு நூலை மாற்றி.

பக்கத்து யூனிட்காரர் எட்டிப் பார்த்தார். "ஓடற மெஷினை நிறுத்திப்போட்டு என்னங்க பண்றீங்க? ஜோசியமா?"

"வேலை" என்றேன்.

ஊசிகள் உடைந்தன. துணி கிழிந்தது. ஒருமுறை மெஷின் தன் சட்டத்தையே குத்திக்கொண்டு நின்றது. மழைக்காலம் வந்து போனது. கடைசியில் அந்தக் கோப்பு இல்லாமலே, நான் அனுப்பிய எண்ணுக்கு மெஷின் கட்டுப்பட்டது. பழைய கோப்பு ஓட்டிய வேகம் என்னுடையதற்கு வரவில்லை. ஆனால் கோடு எங்கே போட்டேனோ அங்கேயே தையல் விழுந்தது.

டீச்சர் துணியைத் தடவிப் பார்த்தார்.

"இப்ப வெளியிடலாம்" என்றார்.

அதற்குள் வீதியில் வேறொன்று நடந்தது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் எதிலும் சென்னியப்பன் கொடுத்த கோப்பு ஓடவில்லை. பழைய கம்ப்யூட்டர் பழுதானவர்களின் மெஷினெல்லாம் நின்றுபோயின. கம்பெனியைக் கேட்டால், அந்த மாடலை விட்டு நாளாகிவிட்டது என்றார்கள். என் புரோகிராமும் புதிய கம்ப்யூட்டரில் முதலில் நின்றது. எங்கே நிற்கிறது என்று திறந்து பார்த்து ஒரு வரியை மாற்றினேன். ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் உட்கார்ந்து, புரோகிராமை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை எழுதிக்கொண்டிருந்தோம். யாரும் பயன்படுத்தலாம் என்று டீச்சர் அடித்து முடித்தபோது, படியேறி வந்து நின்றான் சென்னியப்பன். விற்றதோடு நிற்காமல் அவனும் யூனிட் நடத்தினான்; வீதியிலேயே அதிக மெஷின் அவனுடையது. பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரத்தில், சீருடைச் சட்டைப்பையில் தைக்கும் பள்ளி முத்திரை வேலை முழுக்க அவனிடம் முடங்கிக் கிடந்தது.

"டீச்சர், வந்தவருக்கு என்ன வேணும்னு கேளுங்க" என்றேன்.

"டீச்சரம்மா, அவரு எழுதுன புரோகிராம் வேணும்னு சொல்லுங்க" என்றான் அவன்.

எங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி தூரம்தான். டீச்சர் இரண்டு பேரையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"டீச்சர், அந்த வரியில 'சென்னியப்பன் நீங்கலாக'ன்னு சேத்துக்கலாமா?"

"சேத்துக்கலாங்கண்ணா. எழுதுனவர் நீங்க. நம்ம குழு பேரை மட்டும் எடுத்துருவேன்."

"ஏன்?"

"பூட்டு அப்படியே இருக்கு. சாவி வெச்சிருக்கற ஆள்தான் மாறியிருக்காரு."

அந்த வரியை அப்படியே விட்டேன். பிறகு புரோகிராமைப் பென்டிரைவில் ஏற்றினேன். அவன் கையில் கொடுக்கவில்லை. மேஜைமேல் வைத்தேன்.

அவன் எடுத்துக்கொண்டான். உடனே போகவில்லை.

"டீச்சரம்மா, அந்தக் கோப்புக்குள்ள என்ன இருக்குன்னு அன்னைக்கு எனக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வரலை. அவர்கிட்ட சொல்லுங்க."

"டீச்சர், கடை நிறைய ஆளை வெச்சுச் சிரிச்சது, மாடியில தனியா வந்து சொன்னாத் தீராதுன்னு சொல்லுங்க. அதே கடையில, அதே ஆளுங்க முன்னால சொல்லணும்."

டீச்சர் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனான். இன்றுவரை அந்தக் கடையில் அவன் அதைச் சொல்லவில்லை.

அவன் போன பிறகு டீச்சரிடம் சொன்னேன்.

"குடுத்துட்டேன். ஆனா மன்னிக்கலை."

டீச்சர் திரையில் இருந்த உரிமத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாக ஒருமுறை படித்தார்.

"மன்னிக்கணும்னு இதுல எங்கயும் எழுதலீங்களேண்ணா."