ஒரே நாளில் வைத்த முட்டைகள்

குருவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்துமூன்று. குரு செங்கமலத்தம்மாள், ஏரிக்கரையில் குடும்பத்தோடு அரை ஏக்கரில் கோழியும் வாத்தும் வளர்ப்பவள். சீடர் கோதண்டபாணி, ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர். அம்மாளிடம் ஞானம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தவர், மூன்று வருடமாகக் கோழிக்கூடு பெருக்கிக்கொண்டிருந்தார்.

அன்று காலை கையில் பையோடு வந்து நின்றார்.

“ஒன்பது மணி பஸ்ஸுல ஊருக்குப் போறேம்மா.”

“சாப்பிட்டீங்களா?”

“நானும் தையல்கார முனிரத்தினமும் ஒரே நாள்லதான் உங்ககிட்ட வந்தோம். அவர் போன மாசமே தெளிஞ்சு, சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிட்டார். எனக்கு இன்னும் காபி ஆறிப்போனாலே கோபம் வருது. நான் எதுக்குமே லாயக்கில்லையா?”

“போறதுக்கு முன்னாடி அடைக்கூடையைப் பார்த்துட்டுப் போங்க” என்றாள் அம்மாள்.

கூடை அவர் பொறுப்பு. ஏழு கோழி முட்டையையும் ஐந்து வாத்து முட்டையையும் சேர்த்து ஒரே கோழியிடம் அடை வைத்து, சுவரில் கரியால் தேதியும் எழுதியிருந்தார். நேரம் தவறாத மனிதர். கணக்காக இருபத்தொன்றாம் நாள், அதாவது நேற்று, கோழி முட்டை ஏழும் பொரிந்துவிட்டன. சற்றுமுன் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பை கிளறப் போய்விட்டது. கூடையில் வாத்து முட்டைகள் மட்டும் கிடந்தன.

கோதண்டபாணிக்கு முகம் தொங்கிப்போனது.

“அஞ்சும் கூமுட்டை. குழியில போட்டுடறேன்.”

“இருங்க. வெதுவெதுன்னு கொஞ்சம் தண்ணி கொண்டாங்க.”

அகலமான சட்டியில் முட்டைகளை ஒவ்வொன்றாக மிதக்கவிட்டாள். தண்ணீர் அசைவு நின்றது. யாரும் தொடாமலே ஒரு முட்டை லேசாகத் துள்ளியது. பிறகு இன்னொன்று. மூன்று, நான்கு. ஐந்தாவது மட்டும் சும்மா கிடந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கடைசியில் அதுவும் ஓர் ஆட்டம் ஆடியது.

“உசுரு இருக்கும்மா! அஞ்சுலயும் இருக்கு!”

“இல்லாம? கோழிக்கு மூணு வாரம், வாத்துக்கு நாலு வாரம். சேர்த்து வைக்கணும்னா வாத்து முட்டையை ஒரு வாரம் முன்னாடியே வைக்கணும். நீங்க எல்லாத்தையும் ஒரே வண்டியில ஏத்திட்டீங்க.”

“ஐயையோ, தாய் எழுந்து போயிடுச்சே! இதுங்க ஆறிப்போயிட்டா?”

“கருப்பிக் கோழி ரெண்டு நாளா வெறுங்கூடையில அடை படுத்திருக்கு. ஓடுங்க!”

முட்டைகளைத் துடைத்து, துண்டில் சுற்றி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு அறுபத்துமூன்று வயசு மனிதர் ஓடினார். கருப்பி அவர் கையை நாலு கொத்துக் கொத்தியது. ஐந்தையும் அதன் அடியில் தள்ளிவிட்டுத்தான் கையை எடுத்தார். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொத்துப்பட்ட கையைத் தடவியபடி வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை சந்தோஷம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாசலில் கிடந்த பை கண்ணில் பட்டது.

“அம்மா, அப்ப எனக்கு எத்தனை வாரம்?”

“அது எனக்கும் தெரியாது. நான் இன்னும் அடையை விட்டு எழுந்திருக்கல. முட்டைதான் பஸ் பிடிக்கப் பாக்குது.”