பன்னிரண்டு சாட்சிக் கற்கள்

ஒரு காட்டில் முள்ளம்பன்றியும் பெருச்சாளியும் ஒரே குளத்தில் தண்ணீர் குடித்துவந்தன.

ஒரு நாள் சாயங்காலம் பெருச்சாளி ஒரு வள்ளிக்கிழங்கை இழுத்துக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து யாரோ அதன் மண்டையில் ஓங்கி அடித்தார்கள். கண்விழித்தபோது கிழங்கைக் காணோம். மண்டையில் ஒரு புடைப்பு மட்டும் இருந்தது.

மறுநாள் குரங்கு வழக்கை விசாரித்தது. அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்கிறவர் குரங்கின் முன்னால் ஒரு கல்லை வைக்க வேண்டும். பத்துக் கல் சேர்ந்துவிட்டால் குற்றம் உறுதி.

"முள்ளம்பன்றிதான்!" என்று சொல்லிப் பெருச்சாளி முதல் கல்லை வைத்தது. அடுத்தடுத்துப் பன்னிரண்டு கல் சேர்ந்தது.

"நான் அடிக்கலையே! உங்கள்ல யாராவது பார்த்தீங்களா?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"பத்தே போதும். ரெண்டு அதிகமாவே இருக்கு" என்றது குரங்கு. "மழை வர்ற வரைக்கும் நீயும் உன் குட்டிகளும் குளத்துப் பக்கம் வரக் கூடாது. அடுத்த வழக்கு!"

அது சித்திரை மாதம். வேறு தண்ணீருக்கு இரண்டு மலை தாண்ட வேண்டும். முள்ளம்பன்றியின் இரண்டு குட்டிகளுக்கும் இன்னும் முள்கூடக் கெட்டிப்படவில்லை. அவ்வளவு தூரம் நடந்தால் வழியில் செத்துப்போகும். நடக்காவிட்டாலும் செத்துப்போகும்.

மேல்முறையீடு கேட்பது காட்டெருமை. வெயில் காலத்தில் அது குளத்தை விட்டு வெளியே வராது. முள்ளம்பன்றியோ குளத்துக்குப் போகக் கூடாது. ஆகவே அது தூரத்தில் ஒரு தாழம்புதர் ஓரமாக நின்று கத்தியது.

"எருமையண்ணே! என் வழக்கை ஒரு தரம் பாருங்க!"

"கிட்ட வந்து சொல்லு!"

"வந்தா அது இன்னொரு குற்றமாயிடும், அண்ணே!"

காட்டெருமை காதை ஆட்டி யோசித்தது. "அப்ப அங்கேயே நில்லு" என்றது.

காட்டெருமை கூப்பிட்டதும் குரங்கும் சாட்சி சொன்ன எல்லாரும் வந்தார்கள். குரங்கு கற்களைக் கரையில் பரப்பியது. "பன்னிரண்டு! வேணும்னா எண்ணிக்குங்க!"

"எண்ணிக்கை சரிதான்" என்றது காட்டெருமை. "எல்லாரும் அவங்கவங்க கல்லை எடுங்க. அடிச்சதைக் கண்ணால பார்த்தவங்க என் முன்னால வைங்க. பார்க்காதவங்க, உங்களுக்கு யார் சொன்னாங்களோ அவங்க முன்னால வைங்க."

எட்டுக் கல் அணிலின் முன்னால் விழுந்தது. "எனக்கு மைனா சொன்னுச்சு!" என்று அணில் ஒன்பது கல்லையும் மைனாவிடம் தள்ளியது. "எனக்குக் காக்கா!" என்று மைனா பத்தையும் தள்ளியது. "அடிபட்டவனே சொன்னான்!" என்று காக்கா பதினொன்றையும் பெருச்சாளியிடம் தள்ளியது.

"நீ பார்த்தியா?" என்று காட்டெருமை கேட்டது.

"பின்னால நின்னு அடிச்சாங்க! எனக்கு முதுகுலயா கண்ணு இருக்கு?"

"அப்ப எப்படித் தெரியும்?"

"காக்கா அக்காதான் சொன்னாங்க!" என்று பெருச்சாளி பன்னிரண்டு கல்லையும் காக்காவிடம் தள்ளியது.

காக்கா இறக்கையை அடித்துக்கொண்டது. "நான் எங்கடா சொன்னேன்? முள்ளம்பன்றியா இருக்குமோன்னு கேட்டேன். நீதானே 'இருக்கலாம்'னே!"

கற்கள் மறுபடியும் பெருச்சாளியிடம் போயின. திரும்பிக் காக்காவிடம் வந்தன. மூன்று தரம் இப்படிப் போய் வந்தன. குரங்கு ஒவ்வொரு தரமும் எண்ணியது. ஒவ்வொரு தரமும் பன்னிரண்டு இருந்தது.

காட்டெருமை தன் முன்னால் பார்த்தது. அங்கே ஈர மண்தான் இருந்தது. "தண்டனை ரத்து" என்றது.

"அப்ப அடிச்சது யாரு?" என்று குரங்கு குதித்தது.

"தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா!"

"தெரியாது. உனக்கும் தெரியாது. ஆனா நீ தண்டனை கொடுத்துட்டே."

"என் கிழங்கு?" என்று பெருச்சாளி புடைப்பைத் தடவியபடி கேட்டது.

முள்ளம்பன்றி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கரையிறங்கியது. குட்டிகள் வெகுநேரம் தலையைத் தூக்காமல் குடித்தன. அதன் பிறகுதான் தாய் குடித்தது. பெருச்சாளி கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டது.

ஒருவரின் சந்தேகத்தை ஊரே கூடிச் சொன்னாலும் அது சந்தேகம்தான். கண்ணால் கண்ட சாட்சி ஆகாது.