செவலை ஏறிய முந்நூறு படிகள்

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், செங்குத்தான ஒரு பாறையின் தலையில் உச்சிக்கோட்டை என்றொரு கோட்டை இருந்தது. நெடுவரையன் என்ற அரசன் அதை ஆண்டுவந்தான். பெரியவர்களும் கேளுங்கள், சின்னவர்களும் கேளுங்கள். இது சிரிக்கிற கதை இல்லை. ஆனாலும் நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

அந்தக் கோட்டைக்குப் போக ஒரே வழிதான். பாறையிலேயே வெட்டிய முந்நூறு படிகள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வெறும் காற்று. கைப்பிடிச் சுவர் கிடையாது. பகைவன் ஏறினால் விழட்டும் என்று நினைத்து வெட்டியிருக்கிறார்கள். தங்கள் ஆட்களும் அதே வழியாகத்தான் போய்வர வேண்டும் என்பதை நினைத்தார்களோ என்னவோ.

அந்தக் கோட்டை அரசர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முடி சூடிய நாள் முதல் அரசன் தன் காலால் ஒரு படிகூட இறங்கக் கூடாது. அரசன் இறங்கினால் அரசும் இறங்கிவிடும் என்று நம்பினார்கள். கீழே போக வேண்டிய நாளில் எட்டுப் பேர் அவனைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிப் போவார்கள். அப்போதும் அவன் முகம் கோட்டையைப் பார்த்தே இருக்க வேண்டும், இறங்குவதைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாதாம். அரண்மனைக்குள் எல்லா அறைகளும் ஒரே மட்டமாக இருந்தன. நெடுவரையன் முடி சூடி நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அரசனுக்கு வருகிற பரிசுக்கும் அதே வழக்கம்தான். ஆடோ, மாடோ, குதிரையோ, பரிசாக வந்த உயிர் தன் காலாலேயே முந்நூறு படியும் ஏற வேண்டும். யாரும் தூக்கிவிடக் கூடாது. ஏறிய படியிலிருந்து ஒரு படி பின்வாங்கக் கூடாது. ஏற மறுத்தால் திருப்பி அனுப்பவும் மாட்டார்கள், அனுப்பியவருக்கு அது அவமானமாம். அதனால் படியடியிலேயே வெட்டிப் புதைத்துவிடுவார்கள். எவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் பாருங்கள்.

ஒரு நாள் உப்பள நாட்டுத் தலைவன் அரசனுக்கு ஒரு செவலை நாயை அனுப்பிவைத்தான். கன்றுக்குட்டி உயரம், ஒட்டிய வயிறு, அமைதியான கண்கள். உப்பள நாடு கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரே மட்டம். வீட்டு வாசலில்கூட மேடு கிடையாது. மண்ணும் தட்டை, வானும் தட்டை. அங்கே பிறந்து வளர்ந்த நாய்க்குப் படி என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

முதல் படியைக் கண்டதும் செவலை உட்கார்ந்துவிட்டது. உடம்பெல்லாம் நடுங்கியது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

அரசன் மூன்று மாதம் தவணை கொடுத்தான். மூன்றாம் பௌர்ணமிக்குள் ஏறினால் அரண்மனை, ஏறாவிட்டால் கத்தி.

முதல் மாதம் வேட்டைக்காரர் தலைவன் கடுங்கோ வந்தான். காட்டுப்பன்றியையே கட்டி இழுத்தவன் நான், இது எம்மாத்திரம் என்றான். கழுத்தில் கயிறு கட்டி இழுத்தான், பின்னாலிருந்து ஒருவனைச் சாட்டையால் அடிக்கச் சொன்னான். செவலை நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டது. பாறையில் உராய்ந்து நகங்கள் பிய்ந்தன. மாதம் முடியும்போது முதல் படியில் ரத்தம் இருந்தது, நாய் இல்லை.

இரண்டாம் மாதம் மடைப்பள்ளித் தலைவன் பூதன் வந்தான். பசி வந்தால் பயம் பறந்துவிடும் என்பது அவன் கட்சி. தினமும் மூன்றாம் படியில் வறுத்த கறியை வைத்துவிட்டு, கீழே ஒரு சோற்றுப் பருக்கைகூட விழாமல் பார்த்துக்கொண்டான். செவலை கறியைப் பார்த்துக்கொண்டே மெலிந்தது. எலும்பை எண்ணிவிடலாம் போல ஆனது. காக்கைகள் கறியைத் தின்று கொழுத்தன.

மூன்றாம் மாதம் யாரும் முன்வரவில்லை. கத்தியைச் சாணை பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். அப்போது கொற்றி என்பவள் வந்து நின்றாள்.

கொற்றி சுண்ணாம்புக் கூடை சுமப்பவள். படிகள் பெயர்ந்த இடத்தில் பூசுவதற்காக நாளெல்லாம் ஏறி இறங்குவாள். ஒருமுறை கூடையோடு உருண்டு விழுந்து முழங்கால் உடைந்துபோனது. அதற்குப் பிறகு திரும்பப் படியில் கால்வைக்க அவளுக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. அந்த ஓர் ஆண்டை அவள் மறக்கவில்லை. அதனால்தான் அந்த நாய்க்காக வந்து நின்றாள்.

அவள் நாயை இழுக்கவில்லை. அழைக்கவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பிய்ந்த நகங்களுக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டாள். கேழ்வரகுக் களியை உருட்டிக் கொடுத்தாள். சில நாள் கழித்துத் தரையில் ஒரு தட்டைக்கல்லை வைத்து, அதன்மேல் களியை வைத்தாள். செவலை முன்கால் இரண்டையும் கல்லில் ஊன்றித் தின்றது. ஒரு கல் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று.

பிறகு அவள் கூடை கூடையாக மண் சுமந்து வந்து முதல் சில படிகள்மேல் கொட்டிச் சரிவாக்கினாள். சரிவில் நாய் ஏறியது; மண் தீரும்வரை அது படிக்கணக்கில் சேராது என்பதால், மண் குவிந்த ஓரமாகச் சறுக்கித் திரும்பியும் வந்தது. நாளுக்கு ஒரு கூடை மண்ணை அள்ளினாள். மண் குறையக் குறையப் படி தெரிந்தது. நாய் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பயப்படவில்லை.

மண் தீர்ந்தபின் பாறைப்படி. எப்போதும் பள்ளத்துப் பக்கம் கொற்றி ஏறினாள், மலைப் பக்கம் நாய் ஏறியது. அவள் உடம்பு மறைத்ததால் அதற்குப் பள்ளம் தெரியவில்லை. பின்வாங்கக் கூடாது என்பது வழக்கமாயிற்றே, அதனால் அன்று ஏறிய படியிலேயே அன்று இரண்டு பேரும் படுத்துக்கொண்டார்கள். மறுநாள் அங்கிருந்து மேலே. பௌர்ணமிக்கு முதல் நாள், செவலை முந்நூறாம் படியைத் தாண்டி அரண்மனை முற்றத்தில் நின்று வாலை ஆட்டியது.

நெடுவரையன் வயதானவன், அரசியும் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையும் இல்லை. செவலை நேராக அவனிடம் போய் அவன் பாதத்தின்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. அரசன் வெகுநேரம் காலை அசைக்கவே இல்லை. அன்றுமுதல் அவன் உண்பதும் உறங்குவதும் அந்த நாயோடுதான்.

கொற்றிக்குப் புதுச்சேலை கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

"மகாராசா, ஏறப் பழக்கிட்டேன். எறங்க இன்னும் பழக்கல. ஏறுறப்போ கண்ணு முன்னால படி இருக்கும். எறங்குறப்போ கண்ணு முன்னால பள்ளந்தான் இருக்கும். பயம் பாதிதான் போயிருக்கு. இன்னும் ஒரு மாசம் குடுங்க."

அரசன் சிரித்தான். "என் வீட்டுக்கு ஏறி வந்தது எதற்கு இறங்க வேண்டும்?" என்று கேட்டான். சபையும் சிரித்தது.

ஒரு மாதம் கழித்துக் கொற்றி மறுபடி வந்து கேட்டாள். இந்த முறை அமைச்சர் அவளைக் கடிந்துகொண்டார். அரசன் வீட்டு வாசலில் நின்று இறக்கத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்றார். ஓர் ஆண்டு கழித்துத் திருவிழா நாளில் மூன்றாம் முறை வந்தாள். காவலர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் படியடியில் இருந்த தன் சுண்ணாம்புக் குழிக்குத் திரும்பினாள்.

அதற்குப் பின் வந்த கோடையில் மழை பொய்த்தது. மலையின் பின்புறத்துக் காடு சருகாகக் காய்ந்தது. ஒரு நடுப்பகலில் அங்கே தீப்பிடித்தது. காற்று மலைமேல் வீசியது. பின்சுவரை ஒட்டியிருந்த பல்லக்குக் கொட்டில்தான் முதலில் எரிந்தது. அங்கிருந்து அரண்மனையின் மரக்கூரைக்குத் தாவிற்று.

எல்லோரும் படியிறங்கி ஓடினார்கள். அமைச்சர் ஓடினார், கடுங்கோ ஓடினான், பூதன் அந்த வயிற்றோடு ஓடினான். பல்லக்குத் தூக்கும் எட்டுப் பேரும் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்கள், அவர்களுக்குத்தான் அந்தப் படிகள் நன்றாகப் பழக்கமாயிற்றே.

கொற்றி கீழே நின்று ஓடிவருகிறவர்களின் முகங்களைப் பார்த்தாள். நாயைக் காணோம். அரசன் எங்கே என்று கேட்டாள். மேல்படியில் நாயோடு நிற்கிறார், கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார் என்று ஒருவன் சொல்லிக்கொண்டே ஓடினான். எல்லோரும் இறங்க, அவள் ஒருத்தி உடைந்த முழங்காலோடு ஏறினாள்.

மேலே போய்ப் பார்த்தால், அரசன் வரமாட்டேன் என்று நிற்கவில்லை. வர முடியாமல் நின்றான். நாற்பது ஆண்டுகளாக ஒரு படி இறங்காத கால்கள் அவை. கீழே கிடந்த பள்ளத்தை, முடி சூடியபின் அன்றுதான் முதல்முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்தான். வாசல் தூணை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு நடுங்கினான். அவன் காலோடு ஒட்டிக்கொண்டு செவலையும் நடுங்கியது. அரசனின் பட்டாடை நனைந்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அதுதான் நடந்தது.

"எங்களுக்கு இறங்கத் தெரியவில்லை, கொற்றி" என்றான் அரசன்.

கொற்றி நாயைத் தூக்கிப் பார்த்தாள். கன்றுக்குட்டி உயரம், அது திமிறியது, அவள் கால் தாங்கவில்லை. அரசனைத் தூக்குவது நடக்காத காரியம். அவள் நான்கு படி கீழே போய் உட்கார்ந்தாள்.

"பள்ளத்தப் பாக்காதீங்க மகாராசா, என்னப் பாருங்க. நிக்க வேணாம். உக்காந்த மேனிக்கே ஒரு படி நகருங்க. செவல, நீயும் வா சாமி."

செவலை அவள் குரலைக் கேட்டது. முன்காலைக் கீழ்ப்படியில் வைத்து எடுத்தது. மறுபடி வைத்தது. ஒரு படி இறங்கியது. பிறகு இன்னொன்று. மூன்றாம் படியில் நின்று அவள் கையை முகர்ந்தது. அவள் அதன் பிடரியைப் பிடித்தாள். இன்னும் சில படிகள் போனால் அது தானாகவே வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அரசனும் உட்கார்ந்து ஒரு படி நகர்ந்தான். அப்போது புகை விலகிப் பள்ளத்துப் பக்கம் முழுதும் கண்ணுக்குத் திறந்தது. அடியில் மரங்கள் புல்லைப் போலத் தெரிந்தன. அவனுக்குத் தலை சுற்றியது. வாய்விட்டு அலறிக்கொண்டு தவழ்ந்தபடியே மேலே ஏறித் தூணைப் பிடித்துக்கொண்டான்.

அந்த அலறலைக் கேட்டதும் செவலை திரும்பியது. கொற்றியின் கையில் பிடரிமயிர் கொஞ்சம் மிஞ்சியது. ஏறுவதற்கு அதற்கு என்ன தடை? மூன்று படியையும் இரண்டே தாவலில் ஏறி, அரசனின் பாதத்தின்மேல் மோவாயை வைத்துக்கொண்டது.

கொற்றி கூப்பிட்டாள். கெஞ்சினாள். திட்டினாள். கூரை சரிந்து நெருப்புத் தெறித்து அவள் கூந்தல் பொசுங்கியது. அரசன் நாயின் முகத்தைத் தன் மடிக்குள் மறைத்தபடி அவளைப் பார்த்தான்.

"அன்று நீ ஒரு மாதம் கேட்டாய், நான் கொடுக்கவில்லை. நீ போ, கொற்றி. உனக்கு இறங்கத் தெரியும்."

அவள் இறங்கினாள். அழுதுகொண்டே இறங்கினாள். பாதி வழியில் மேலே நாய் ஊளையிடுவது கேட்டது. அதற்கும் கீழே வந்தபோது கேட்கவில்லை.

தீ தணிய மூன்று நாளாயிற்று. நான்காம் நாள் மேலே போனவர்கள் இரண்டு பேரின் எலும்பையும் பிரித்தெடுக்க முடியாமல் ஒரே குழியில் புதைத்தார்கள். அமைச்சர் விதியைக் குறை சொன்னார், கடுங்கோ நாயைக் குறை சொன்னான். கொற்றி மட்டும் தன்னையே நொந்துகொண்டாள். மூன்று முறை கேட்டவள் நான்காம் முறையும் போய்க் கேட்டிருக்கலாம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். பாவம், குற்றம் இல்லாதவர்களுக்குத்தான் உறக்கம் வருவதில்லை.

ஆகவே கேட்டவர்களே, அஞ்சுகிற உயிரைக் கைப்பிடித்து ஏற்றிவிட்டவர்கள், அது திரும்பி இறங்கவும் கற்றுக்கொள்ளும்வரை கையை விடக் கூடாது.