அரசன் கட்டிய தலைப்பாகை

வெகு காலத்துக்கு முன்னே, கேளுங்கள், மலையடிவார நாடு ஒன்றை ஓர் அரசன் ஆண்டான். போரில் வென்று வரும் வீரனுக்கு அவன் பொன்னும் மணியும் கொடுப்பதில்லை. இருபது முழப் பட்டுத்துணியை எடுத்து, தன் கையாலேயே தலைப்பாகை கட்டிவிடுவான். அரசன் கட்டியதை அரசன்தான் அவிழ்க்க வேண்டும். வீரன் கை வைத்தால் மரியாதை போய்விடும் என்பது அந்நாட்டு வழக்கம்.

கொற்றன் என்ற வீரனுக்கு அந்தப் பாகை கிடைத்தது. அன்று முதல் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உண்ணும்போதும் பாகை, உறங்கும்போதும் பாகை. மழை பெய்தால் உடம்பு நனையும், பாகைக்கு மட்டும் ஓலைக்குடை. படுத்தால் தலை எது தலையணை எது என்று தெரியவில்லை என்று தம்பி பூதன் கேலி செய்வான். கொற்றனுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அந்தத் தம்பிதான்.

ஒருநாள் இருவரும் காட்டாற்றைக் கடந்தார்கள். கொற்றன் கரையேறிவிட்டான். பின்னால் வந்த பூதனைத் திடீர் வெள்ளம் இழுத்துக்கொண்டது. நடு ஆற்றில் ஒரு பாறையைப் பற்றிக்கொண்டு அவன் தத்தளித்தான்.

"அண்ணா, பாகையை அவிழ்த்து வீசு" என்றான்.

கொற்றன் ஓடிப்போய்க் காட்டுக்கொடி ஒன்றை வெட்டி வீசினான். அது நடுவிலேயே அறுந்தது.

"அண்ணா, பாகையை வீசு" என்றான் பூதன்.

கொற்றன் ஈட்டியை நீட்டினான். அது எட்டவில்லை.

மூன்றாம் முறை பூதன் "அண்ணா" என்று மட்டும் சொன்னான். அப்போதுதான் கொற்றனின் கை தலைக்குப் போனது. பாவம், ஒருநாளும் அவிழ்த்தறியாத பாகை அது. நுனி எங்கே செருகியிருக்கிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. தேடினான், இழுத்தான், பிய்த்தான். இருபது முழமும் கைக்கு வந்தபோது பாறையில் யாரும் இல்லை.

வெறுந்தலையோடு அரண்மனைக்குப் போனான். பட்டுத்துணியை அரசன் காலடியில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னான். அரசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவிழ்த்திருந்தால் நான் மறுபடியும் கட்டிவிட்டிருப்பேனே, கொற்றா" என்றான். "உன் தம்பியை எங்கே போய்க் கொண்டுவருவேன்?"

அதன்பின் சாகும்வரை கொற்றன் தலையில் துணி ஏறவே இல்லை.

ஓர் உயிரைக் காக்க அவிழாத மரியாதை தலைக்குப் பாரமே தவிரப் பெருமை ஆகாது, மக்களே.