திருடன் இல்லாத ஊரின் காவல் மானியம்

வல்லபராயர் நல்ல அரசர்தான். ஆனால் காலையில் குளிக்கும்போது அவருக்கு ஏதாவது யோசனை தோன்றிவிட்டால், மாலைக்குள் அது சட்டமாகிவிடும். அரசர் குளிக்காமலே இருந்தால் தேவலை என்று நாட்டில் பலரும் நினைத்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் காவல் மானியச் சட்டம். அதுவரை ஊர்க்காவலுக்கென்று எல்லா ஊருக்கும் ஒரே அளவு மானியம் அரண்மனையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. "விழித்திருப்பவனுக்கும் தூங்குபவனுக்கும் ஒரே கூலியா?" என்று கேட்டார் அரசர். இனிமேல் பிடித்துக் கொண்டுவரும் திருடன் ஒருவனுக்குப் பத்துப் பொன் வீதம் மானியம். ஒருவனைக்கூடப் பிடிக்காத ஊரில் காவல் கலைக்கப்படும்; அந்த ஊர் பக்கத்து ஊர்க்காவலின் கீழ் வந்துவிடும்.

இந்தச் சட்டத்தில் வகையாக மாட்டிக்கொண்டவன் வேப்பங்குறிச்சியின் காவல் தலைவன் மாடக்கண்ணு. அவன் ஊரில் திருட்டே கிடையாது. அவனும் அவன் ஆட்களும் இரவெல்லாம் சுற்றுவார்கள். சுற்றாமல் என்ன செய்வது? ஊரில் பொருள் களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். அந்த நாட்டின் பழைய வழக்கம் அது. ஒரு வெண்கலப் பானைக்காக ஒருமுறை தன் காளையையே விற்றவன் மாடக்கண்ணு. அதற்குப் பிறகு வேப்பங்குறிச்சியில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போனதில்லை.

அவன் நேராக அரசவை விகடகவி அம்பலத்தாடியிடம் ஓடினான்.

"ஐயா, பிடிக்கிறதுக்கு ஒரு திருடன்கூட இல்லையே! நான் எங்கே போவேன்? எங்க பத்துப் பேரு பொழைப்பும் போயிடும். ஊர்க்காவல் பக்கத்து ஊரு மணலூற்றுக் காவல் தலைவன் சூரப்புலி கைக்குப் போச்சுன்னா, எங்க ஊருல ஒரு வீட்டுலயும் சாமான் மிஞ்சாது."

அம்பலத்தாடி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். "சூரப்புலி எத்தனை பேரைப் பிடித்திருக்கிறானாம்?"

"முப்பது பேருங்க."

"அடேயப்பா! அவ்வளவு சின்ன ஊரில் முப்பது பேரா? சரி, நாளை மறுநாள் சபைக்கு வா. பார்த்துக்கொள்ளலாம்."

அன்று சபை நிரம்பி வழிந்தது. சூரப்புலி மீசையை முறுக்கிக்கொண்டு வந்தான். பின்னால் கயிற்றில் கட்டிய முப்பது பேர், முகமெல்லாம் கரி. அவர்களில் ஒருவன் அரண்மனைத் தூண்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மாடக்கண்ணு வெறுங்கையோடு நின்றான்.

"உன் திருடர்கள் எங்கே?" என்றார் அரசர்.

"இல்லீங்க மகாராஜா."

"தேடினாயா?"

"தினமும் தேடுறேனுங்க."

"தூங்கியிருப்பாய்!"

சபை சிரித்தது. மாடக்கண்ணுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் அம்பலத்தாடியைப் பார்த்தான். அவர் எழுந்து, நேரே போய்ச் சூரப்புலியைக் கட்டிக்கொண்டார்.

"அரசே, இவரல்லவா காவல்காரர்! முந்நூறு பொன்னையும் இப்போதே கொடுங்கள். வேப்பங்குறிச்சி என்ன, நாடு முழுவதையும் இவர் கையிலேயே கொடுத்துவிடலாம்."

போயும் போயும் இந்த ஆளை நம்பி வந்தேனே என்று மாடக்கண்ணு பல்லைக் கடித்தான்.

"இந்தச் சந்தோஷத்தில் மணலூற்று மக்களுக்கும் பங்கு வேண்டாமா?" அம்பலத்தாடி விடவில்லை. "திருடு கொடுத்தவர்கள் எல்லாரும் சபைக்கு வந்து பொருளை வாங்கிக்கொள்ளலாம் என்று நேற்றே அந்த ஊரில் தமுக்கு அடிக்கச் சொல்லிவிட்டேன். வாசலில்தான் நிற்கிறார்கள்."

சூரப்புலியின் கை மீசையிலிருந்து இறங்கியது.

கதவு திறந்ததும் மொத்த ஊரும் உள்ளே புகுந்தது.

"என் ரெட்டைவடச் சங்கிலி!" என்றாள் ஒருத்தி.

"என் பத்து மூட்டை நெல்லு!" என்றார் ஒருவர்.

"என் மூணு எருமை, கன்னுக்குட்டியோட!" என்று கத்தினார் இன்னொருவர்.

"பொய்!" சூரப்புலி துள்ளினான். "இவரு வீட்டுல எருமையே கிடையாது!"

"எப்படி இருக்கும்? அதான் திருடு போயிடுச்சே!"

அம்பலத்தாடி சூரப்புலியின் தோளில் அன்போடு கை வைத்தார். "திருடர்கள் அகப்பட்டுவிட்டார்கள். பொருளும் உன்னிடம் இருக்கும். கொடுத்துவிடு அப்பா. இல்லையென்றால் வழக்கப்படி ஈடு கட்டு. முந்நூறு பொன் போதாதுதான். உன் வீட்டையும் வயலையும் விற்றால் எருமை வரைக்கும் சமாளிக்கலாம். சங்கிலியைப் பிறகு பார்ப்போம்."

வாசல் பக்கம் இன்னும் கூட்டம் வந்துகொண்டிருந்தது. சூரப்புலி தடாலென்று அரசர் காலில் விழுந்தான்.

"மகாராஜா! மணலூற்றுல ஒரு துரும்பும் களவு போகலீங்க!"

"அப்படியானால் இந்த முப்பது பேர் யார்?"

"என் வயல்ல அறுப்புக்கு வந்த கூலியாளுங்க. ஆளுக்கு ஒரு படி நெல்லு தர்றேன்னு சொல்லிக் கூட்டியாந்தேன்."

"அந்த நெல்லு இன்னும் வரலீங்க மகாராஜா!" என்றான் தூணைப் பார்த்துச் சிரித்தவன்.

அரசருக்கு முகம் சிவந்தது. கோபம் பாதி, வெட்கம் பாதி. மாடக்கண்ணுவைப் பார்த்துத் தூங்கியிருப்பாய் என்று சொன்னது அவருக்கே உறுத்தியது. கூலியாட்களின் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னார். எல்லா ஊருக்கும் பழையபடியே மானியம் என்றார். மணலூற்றுக் காவலைக் கலைத்து மாடக்கண்ணுவின் கையில் கொடுத்தார். மாடக்கண்ணு சந்தோஷத்தில் யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் முதலில் தூணைக் கும்பிட்டான்.

"என் கஜானாவையே ஏமாற்றப் பார்த்த இவனைச் சிறையில் தள்ளுங்கள்! இவனுக்கு ஒரு செப்புக்காசு கிடையாது!" என்றார் அரசர்.

"அது நியாயமில்லை அரசே," என்றார் அம்பலத்தாடி. "இவர் பிடித்த வரைக்கும் மானியம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்."

"பிடித்தானா? இவன் யாரைப் பிடித்தான்?"

"மணலூற்றில் இருந்ததே ஒரே ஒரு திருடன். அவனைத் தன் காலாலேயே சபைக்கு நடத்தி வந்து, தன் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைத்தவர் சூரப்புலி. அந்த ஒரு தலைக்கு உண்டான பத்துப் பொன்னை எண்ணிக் கொடுங்கள். வாங்கிக்கொண்டு சிறைக்குப் போகட்டும். போகும் வழியில் கூலியாட்களின் நெல் பாக்கியைத் தீர்த்துவிடலாம்."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் தலையில் வைக்கவில்லை. அதிலிருந்த பெரிய முத்தைக் கழற்றி அம்பலத்தாடியிடம் நீட்டினார்.