முள்ளியின் பன்னிரண்டாவது குழி

ஒரு காட்டில் கோடைதோறும் ஓடை வற்றிப்போகும். விலங்குகள் தண்ணீருக்காக நெடுந்தூரம் அலையும். அங்கே முள்ளி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. நிலத்துக்கு அடியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கானக அறிஞர் பட்டம் வாங்க வேண்டும் என்பது அதன் ஆசை.

பட்டம் தரும் யானையார் சொல்லிவிட்டார்: "மூன்று வருடம் ஆராய்ச்சி செய். வாரம் ஒரு நாள் குட்டிகளுக்குப் பாடமும் நடத்து. இரண்டும் செய்தால்தான் பட்டம்."

முள்ளிக்கு எரிச்சலாக வந்தது. மருத மரங்களின் அடியில் அது பதினொரு குழிகள் தோண்டியிருந்தது. நான்கில் தண்ணீர் வந்தது, ஏழில் வெறும் மண். காரணம் புரியாமல் மண்டை காய்கிற நேரத்தில் பாடமாம்!

உடனே அது மைனாவைக் கூப்பிட்டது.

"நான் சொல்வதை மனப்பாடம் செய்து, குட்டிகளிடம் ஒப்பித்துவிட்டு வா. அத்திப்பழம் தருகிறேன்."

"அதற்கென்ன, பேஷாய்ச் செய்கிறேன்!" என்றது மைனா.

மூன்று வாரம் இப்படியே ஓடியது. நான்காம் வாரம் மைனா படபடத்துக்கொண்டு திரும்பி வந்தது.

"குட்டிகள் கேள்வி கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. பாடத்தையே மறுபடியும் ஒப்பித்தேன். சிரிக்கிறார்கள்!"

"என்ன கேட்டார்கள்?"

மைனா ஒரு முயல் குட்டியின் குரலிலேயே சொன்னது: "மருத மரத்தடியில் தண்ணீர் இருக்கும் என்றீர்களே! நாங்கள் நகம் தேயத் தோண்டினோம். சொட்டுத் தண்ணீர் இல்லையே, ஏன்?"

முள்ளிக்குச் சுருக்கென்றது. தன் பேச்சை நம்பி அந்தப் பிஞ்சுக் கால்கள் தோண்டியிருக்கின்றன!

மறுநாள் அதுவே வகுப்புக்குப் போனது. "எனக்கும் காரணம் தெரியாது. வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்று குட்டிகளைக் குழி குழியாகக் கூட்டிப்போனது.

"இது முதல் குழி. இந்தக் கரையான் புற்றில் இடித்துக்கொண்டேன். தண்ணீர் வந்தது. இது இரண்டாவது, சுற்றிலும் வெறும் தரை. தண்ணீர் இல்லை. மூன்றாவது… இங்கேயும் புற்று. தண்ணீர்…"

முள்ளியின் பேச்சு பாதியில் நின்றது. முட்கள் சிலிர்த்தன.

"அக்கா, புற்று இருந்தால்தான் தண்ணீரா?" என்று குட்டிகள் கத்தின.

எல்லாரும் மற்றக் குழிகளுக்கு ஓடினார்கள். தண்ணீர் வந்த நான்கின் பக்கத்திலும் புற்று இருந்தது. மற்ற ஏழில் இல்லை. இத்தனை நாளும் குழிக்குள்ளேயே பார்த்த முள்ளி, சுற்றிலும் பார்க்கவே இல்லை!

அன்றே, பக்கத்தில் புற்றிருந்த இன்னொரு மருத மரத்தடியில் பன்னிரண்டாவது குழியைத் தோண்டினார்கள். தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது. புற்றுள்ள மற்ற மருத மரத்தடிகளிலும் தோண்டியதால், அந்தக் கோடையில் காட்டில் யாரும் தாகத்தோடு அலையவில்லை. மூன்று வருடம் முடிந்ததும் யானையார் மகிழ்ந்து பட்டத்தைக் கொடுத்தார்.

"இனிமேல் தினமும் வகுப்புக்கு வாருங்கள், அக்கா!" என்று குட்டிகள் கெஞ்சின.

முள்ளி சிரித்தது. "தினமும் வந்தால் நான் எப்போது தோண்டுவது? தோண்டாவிட்டால் உங்களுக்குப் புதிதாக எதைச் சொல்வது? வாரம் ஒரு நாள் தவறாமல் வருவேன். நீங்கள் கேள்விகளோடு வாருங்கள்."

நீதி: தேடுகிறவர் கற்பிக்கவும் வேண்டும், கற்பிக்கிறவர் தேடவும் வேண்டும், ஒன்றை விட்டால் மற்றதும் குறைப்படும்.